பாஸ் ராக்: கண் கறுத்த பறவைகள்

ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் ஊர்க் கரையிலிருந்து பார்த்தால், கடலுக்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு பாறை தெரியும். பாஸ் ராக். எரிமலைக் குழம்பு இறுகி நின்ற கல். நூறு மீட்டருக்குச் சற்றே கூடுதல் உயரம். 17ஆம் நூற்றாண்டில் மதக் கைதிகளை அடைத்துவைத்த சிறை. 1902இல் கலங்கரை விளக்கமும் வந்தது.

ஆனால் பாறையின் உண்மையான சொந்தக்காரர்கள் கேனட் பறவைகள்தான். பாறையின் வெள்ளை நிறமே அவையும் அவற்றின் எச்சமும் தந்ததுதான். இறக்கையை மடக்கிக்கொண்டு கடலில் செங்குத்தாகப் பாய்ந்து மீன் பிடிப்பவை. 2014 கணக்கெடுப்பில் சுமார் 75,000 கூடுகள். அப்போது உலகிலேயே பெரிய வடக்குக் கேனட் குடியிருப்பு.

2022 கோடையில் பறவைக் காய்ச்சல் புகுந்தது.

நெருக்கி நெருக்கிக் கூடு கட்டும் இனம்; தொற்று பரவக் கேட்கவா வேண்டும்? கூட்டிலேயே செத்துக் கிடந்தன. பிழைத்தவற்றில் பலவற்றுக்கு ஒரு விசித்திரம்: வெளிர்நீலமாக இருக்க வேண்டிய விழி கறுத்துப்போயிருந்தது. இரத்தத்தைச் சோதித்த ஆய்வாளர்கள், கறுத்த கண், நோயைத் தாண்டிவந்ததன் தடயம் என்று கண்டார்கள்.

2023இல் ட்ரோன் பறக்கவிட்டு எண்ணினார்கள். கூடுகள் ஏறத்தாழ 52,000.