தங்கவயலில் ஆட்டப்பலகை வாங்குதல்

விடுமுறைக்கு வீடு செல்பவன் வெறுங்கையோடு போகலாகாது. இனிப்புப் பொட்டலம் ஒரே இரவில் தீர்ந்துவிடும். துணி எடுத்தால் நிறம் பிடிக்கவில்லை என்பார்கள். நம் மன்றத்திலுள்ள தங்கவயல் நண்பர்களுக்கு நான் கூறுவது இதுதான்: குடும்பத்தார் கூடி ஆடத்தக்க ஆட்டப்பொருள் ஒன்றை வாங்குங்கள். அதையும் பெங்களூரில் வாங்காமல் நம் ராபர்ட்சன்பேட்டையிலேயே வாங்குங்கள்.

காரணம் உண்டு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின் எங்கள் ஊரின் பிழைப்பு ரயிலேறிவிட்டது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூரில் உழைத்து, இருட்டியபின் திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். என் தந்தையும் அவர்களுள் ஒருவர். வீட்டில் எல்லோரும் விழித்திருக்கும் நேரம் ஒரு மணி கிடைத்தால் பெரிது. அந்த ஒரு மணியையும் கைப்பேசி விழுங்கிவிடுகிறது. நால்வரை முகத்துக்கு முகம் உட்கார வைக்கும் ஆற்றல் கேரம் பலகைக்கு உண்டு. அம்மாவின் அதட்டலுக்கும் உண்டு. ஆனால் அது நெடுநேரம் நிற்பதில்லை.

அளவில் கருத்து வேண்டும். போட்டிப் பலகையின் ஆடுபரப்பு 74 செ.மீ. சதுரம். சட்டத்தையும் சேர்த்தால் மூன்றடியை நெருங்கும். லைன் வீட்டின் சிறிய அறையில் அதை வைத்தால் ஆடுவோர் தெருவில்தான் உட்கார வேண்டும்! 26 அங்குலப் பலகை நமக்குப் போதும். எம்.ஜி. மார்க்கெட்டையொட்டிய கடைத்தெருவில் விளையாட்டுச் சாமான் விற்பவரிடம் கேட்டால் பரணிலிருந்து இறக்கிக் காட்டுவார். உடனே விலை பேசாதீர்கள். பலகையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, பரப்பு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புக் காய் ஒன்பதையும் வெள்ளைக் காய் ஒன்பதையும் அருகருகே அடுக்குங்கள். இரண்டு அடுக்கும் ஒரே உயரம் நின்றால் காய்கள் நல்லவை. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருத்தலாகாது. படம் பார்த்து வலைத்தளத்தில் வாங்குவோருக்கு இச்சோதனைகள் ஏது? கேரம் தூளாக விற்பது பெரும்பாலும் போரிக் அமிலம். குழந்தைகள் வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய ஆட்டப்பொருள்களின் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகியிருக்கிறது; பேரத்தின்போது நினைவிருக்கட்டும்.

தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கம் அது. அடியில் பாறை வெடிப்பதை எங்கள் ஊரில் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். மேலே லைனில் ஆடிக்கொண்டிருக்கும்போது பலகையில் காய்கள் தாமாகவே துள்ளுமாம். அந்தக் கணத்தில் ஒருவரும் பேசமாட்டார்களாம். எந்த ஷிப்டில் யார் இறங்கியிருக்கிறார் என்ற எண்ணம்தான். பெண்கள் சுரங்க வாயிலுக்கு ஓடுவார்கள். அப்படி நின்றுபோன ஆட்டத்தை அன்று எவரும் தொடர்ந்ததில்லை என்பார் தாத்தா.

சீட்டுக்கட்டு எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆனால் எங்கள் வீட்டுக்குள் அது நுழையாது. சம்பள நாளில் கூலியைச் சீட்டில் தொலைத்தவர்களை ஆயா கண்ணால் கண்டவள். ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடப்படுவது என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் கூறியதை எடுத்துச் சொன்னேன். “அந்த ஜட்ஜ் ஐயா நம்ம லைன்ல குடியிருந்தாராடா?” என்று கேட்டுவிட்டாள். மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

ஆயாவுக்குத் தாயம் போதும். பித்தளைத் தாயக்கட்டையைப் பாத்திரக் கடையில் கேளுங்கள்; கட்டம் வரைய ஒரு சாக்பீஸ், காய்க்குப் புளியங்கொட்டை. பதினான்கு குழியுள்ள மரப் பல்லாங்குழி வேண்டுவோர் சற்று அலைய வேண்டும். மரப் பொம்மைக்குப் பேர்போன சென்னபட்டணத்தில் விசாரிக்கலாம். சென்னையில் ‘கிரீடா’ என்னும் நிறுவனம் 2002 முதல் இத்தகைய பழைய ஆட்டங்களைப் புதிதாகச் செய்து விற்கிறது.

கேரம் பலகை வாங்க மட்டும் தனியே போகாதீர்கள். அப்பாவுக்கு விடுப்பான நாளாகப் பார்த்து அவரையும் அழைத்துச் செல்லுங்கள். கடை வாசலிலேயே நாலு காய் சுண்டிப் பார்த்துவிட்டு, “இது வேண்டாம், அடுத்ததை எடுங்க” என்று அவர்தான் சொல்லவேண்டும்.