கேத்தில் வைக்கலாமோ?

குளிர்காலத்தில் விடிய ஐந்தரைக்கு வேலைக்கு வெளிக்கிடும்போது, சப்பாத்துப் போடுமுன் படிக்கட்டின் கடைசிப் படியில் ஒரு கணம் வெறுங்காலுடன் நிற்பேன். உள்ளங்காலில் மெல்லிய நடுக்கம் ஒன்று ஏறும். ஊரில் மில்லுக்குள் மிளகாய் அரைபடும்போது வெளித்திண்ணையில் கடகத்துடன் குந்தியிருப்பவருக்குத் தெரியுமே, அந்த நடுக்கத்தின் பேரப்பிள்ளை இது. கீழே கெல்லர் எனப்படும் நிலவறையில் வீட்டுக்காரரின் எஞ்சின் எழும்பிவிட்டது. இனிக் கொஞ்ச நேரத்தில் குளியலறை ஹீற்றர் சுடத் தொடங்கும்.

வாடகைக்கு வந்து இரண்டு மாதம் அதைச் சாதாரணப் பொயிலர் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் உருளைக்கிழங்குச் சாக்கு இறக்க உதவிக்குப் போனபோதுதான் பார்த்தேன்: ஒரு மீற்றர் உயரத்தில் பெட்டி, பக்கத்தில் ஆளுயரத்துக்கு மேலே தண்ணீர்த் தாங்கி, சுவரில் இரண்டு மின்மானிகள். ஒன்று வாங்கும் மின்சாரத்துக்கு, மற்றது விற்கும் மின்சாரத்துக்கு என்றார் வீட்டுக்காரர். அவர் பெட்டியின் முன்தகட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின். ஜேர்மனியில் நான் இருக்கும் இந்தக் கிராமத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஸ்வைன்ஃபுர்ட் நகரில் 1996 இல் தொடங்கிய சேனர்டெக் நிறுவனத்தின் தயாரிப்பு. பெயர் டாக்ஸ். மண்ணில் வளை தோண்டி, குளிருக்கு உள்ளே பதுங்கிக்கொள்ளும் ஒரு விலங்கின் பெயர் அது. கெல்லரில் கிடக்கும் சாமானுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

அது குடிப்பது சிவப்புச் சாயம் போட்ட வெப்ப எண்ணெய். டீசலின் உடன்பிறப்புத்தான், வரி குறைவு என்பதால் யாரும் காருக்கு ஊற்றிவிடாதபடி சாயம் போட்டிருக்கிறார்கள். மணிக்கு ஏறத்தாழ 1.8 லீற்றர் குடித்து, 5.3 கிலோவாட் மின்சாரமும் 10 கிலோவாட்டுக்குச் சற்று மேலே வெப்பமும் தரும். ஒரு லீற்றர் எண்ணெயில் சுமார் 10 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. எந்தச் சின்ன எஞ்சினும் அதில் மூன்றை மின்சாரமாக்கினாலே பெரிய காரியம். மிச்சம் ஏழும் சூடாகப் போய்விடும்: பாதி எஞ்சின் உடம்பைச் சுற்றும் தண்ணீரில், பாதி புகையில். இந்தப் பெட்டிக்குள் ஒரே தண்ணீர் ஜெனரேற்றரைச் சுற்றி, சிலிண்டரைச் சுற்றி, புகைக்குழாயைச் சுற்றி, போகிற இடமெல்லாம் சூட்டைப் பொறுக்கிக்கொண்டு தாங்கிக்குள் வந்து சேர்கிறது. இப்படிப் பத்தில் ஒன்பது பங்கு வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கைக் கேட்ட அன்று எனக்கு நித்திரை வரவில்லை. காரணம் கணக்கல்ல, என் வலது கெண்டைக்காலில் இருக்கும் தழும்பு.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்க, யாழ்ப்பாணத்துக்கு லக்சபானா நீர்மின் நிலையத்துக் கரண்ட் நின்றுபோனது. அப்போது எனக்கு எட்டு வயது. ஜாம் போத்தலுக்குள் திரியை இறக்கி, அந்தச் சொட்டு வெளிச்சத்தில் படித்த தலைமுறை நாங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டிருக்கிறோம். இதை இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால் வீரக்கதையாகக் கேட்கிறார்கள். எங்களுக்கு அது கைவலி.

எப்போதாவது ஒருநாள் ஒழுங்கையில் செய்தி பரவும்: இன்றிரவு இன்னார் வீட்டில் படம். தொலைக்காட்சிப் பெட்டி, டெக், ஜெனரேற்றர் மூன்றும் வாடகைக்கு வரும். கூடவே ஜெனரேற்றருக்குப் பொறுப்பாக ஒரு பெடியன் வருவான். பதினெட்டு வயதிருக்கும். எங்களுக்கு அவன்தான் கதாநாயகன். திரையில் வருபவர் அவனுக்கு அடுத்தபடி.

ஒருமுறை அது எங்கள் வீட்டில் நடந்தது. மாரிகாலம். விறாந்தையில் பெட்டியை வைத்து, முற்றத்தில் படங்குகள் விரித்து, சத்தம் கேட்காமல் இருக்க ஜெனரேற்றரை வீட்டுக்குப் பின்னால், குசினிக்கும் கிணற்றடிக்கும் நடுவில், ஒரு தகரத்தின் கீழ் வைத்தான் பெடியன். முதலில் ஒரு சின்னப் போத்தலிலிருந்து நாலைந்து சொட்டுப் பெற்றோல். கயிற்றை இழுத்து ஸ்ராட் பண்ணினான். அது இருமிச் சினந்து ஓடத் தொடங்கியதும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றான். எஞ்சின் நன்றாகச் சூடேறினால்தான் மண்ணெண்ணெய் ஆவியாகும். பச்சைக் குளிரில் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் நின்றுவிடும். எப்போது மாற்றுவது என்பது அவன் காதுக்கு மட்டும் தெரிந்த இரகசியம். அவன் குழாயைத் திருப்பிய அந்த நொடியில் சத்தத்தின் நிறம் மாறியதும், புகை வெள்ளையாகக் கிளம்பியதும் இப்போதும் எனக்கு மூக்கில் நிற்கிறது.

வந்திருந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. இரண்டாவது படம் தொடங்கும்போது தேத்தண்ணி கொடுக்க வேண்டும் என்பது வீட்டுக்காரியின் மானப்பிரச்சினை. அம்மா குசினியில் ஈரவிறகோடு போராடிக்கொண்டிருந்தா. இரண்டு நாள் மழையில் பனம்மட்டைகூட நனைந்துபோயிருந்தது. ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் சிவந்து, பானைத் தண்ணீர் சூடேறுகிற பாடில்லை. குசினிக் கதவுக்கு வெளியே, எட்டு அடி தூரத்தில், ஜெனரேற்றரின் சைலன்சர் இருட்டில் மங்கலாகச் சிவந்து கிடந்தது. தகரத்தின் ஓரத்திலிருந்து விழுந்த ஒவ்வொரு மழைத்துளியும் அதில் பட்டு ‘சுர்’ என்று ஆவியாகிப் போனது. அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்று அதையே கொஞ்ச நேரம் பார்த்தா.

"தம்பி, இவ்வளவு சூடும் சும்மா போகுது. இதில கேத்தில் வைக்கலாமோ?"

"ஐயோ அக்கா, சைலன்சருக்கு மேல ஒண்டும் வைக்கக்கூடாது. முதலாளி கொண்டுபோடுவார்."

அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டா. எனக்குப் பொறுக்கவில்லை. பெடியன் படம் பார்க்க எட்டிப்போன நேரத்தில் ஒரு பேணித் தண்ணீரைக் கொண்டுபோய் சைலன்சரில் வைக்கப் பார்த்தேன். பேணி சரிந்தது, நான் வழுக்கினேன், கால் பட்டது. நான் போட்ட சத்தம் ஜெனரேற்றரைத் தாண்டி முற்றம்வரை கேட்டதாம். அம்மா தேங்காயெண்ணெய் பூசிவிட்டா. அடி விழவில்லை. தேத்தண்ணி மூன்றாவது படத்துக்குத்தான் கிடைத்தது, அதுவும் புகைமணத்தோடு.

கெல்லரைப் பார்த்த இரவில் படுக்கையில் கிடந்து கணக்குப் போட்டேன். அந்த மாதிரிச் சின்ன ஜெனரேற்றர்களில் எண்ணெயின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு வயரில் வந்தாலே அதிசயம். ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் வீணாய்ப் போன சூட்டை முழுதாகப் பிடிக்க முடிந்திருந்தால் எழுபது லீற்றர் தண்ணீர் கொதித்திருக்கும். நாற்பது பேருக்குத் தேத்தண்ணி கொடுக்க அதில் பத்திலொன்று போதும். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக எத்தனை பேர் எத்தனை கட்டை நடந்த காலம் அது! அதில் பெரும்பங்கை மழைக்கு ஊற்றியிருக்கிறோம்.

எங்கள் அறியாமை என்று இதைச் சொல்ல மாட்டேன். உலகமே அப்படித்தான் செய்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து பார்த்தால் வயல்களுக்கு அப்பால் கிராஃபென்ரைன்ஃபெல்ட் அணுமின் நிலையத்தின் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் 143 மீற்றர் உயரம். 1980களின் தொடக்கத்திலிருந்து 2015 ஆனிவரை அந்த நிலையம் ஓடியது. அதன் உலை தந்த வெப்பம் ஏறத்தாழ 3,700 மெகாவாட். வயரில் போனது 1,300. மிச்ச மூன்றில் இரண்டு பங்கும் வெண்முகிலாகக் கோபுரத்தால் ஏறி வானத்துக்குப் போனது. வீட்டுக்காரரின் சிறுவயது மகள் அதை ‘முகில் செய்யும் பக்டரி’ என்பாளாம். அந்த முகிலின் கீழே, பனி கொட்டும் தை மாதத்தில், கிராமம் முழுக்க எண்ணெய் வாங்கி எரித்துக் குளிர் காய்ந்தது. கெல்லரில் இந்த எஞ்சினை வைக்க அவருக்கு யோசனை வந்ததே முகிலைப் பார்த்துத்தானாம். சூடு தூரத்துக்குப் போகாது, மின்சாரம் போகும். ஆகவே சூடு தேவைப்படுகிற இடத்தில் எஞ்சினை வைத்து, மின்சாரத்தை வெளியே அனுப்பவேண்டும் என்றார். 2024 ஆவணி 16 ஆம் திகதி அந்தக் கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தபோது நாங்கள் இருவரும் வயல்கரையில் நின்று பார்த்தோம். சில நொடிகளில் முடிந்தது. வெடிச்சத்தம் காதுக்கு வர, எனக்குக் கால்கள் தாமாகவே பதுங்கப் பார்த்தன. அவர் என் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடோல்ஃப் டீசல் நினைத்ததும் இப்படியொரு சின்ன எஞ்சினைத்தான் என்று தெரிந்தபோது அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்தது. குளிரூட்டும் இயந்திர முன்னோடி லின்டேயின் மாணவர், பாரிசில் ஐஸ் பக்டரி நடத்தியவர்; குளிர்த்தொழிலில் இருந்துகொண்டு சூட்டைப் பற்றி யோசித்தவர். நீராவி எஞ்சின் பெரிய முதலாளியால் மட்டுமே வாங்கக்கூடியது. தச்சனுக்கும் நெசவாளிக்கும் பட்டறைக்குள் அடங்குகிற எஞ்சின் வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆனால் 1897 இல் ஔக்ஸ்பூர்க்கில் ஓடிக்காட்டியது மூன்று மீற்றர் உயரப் பூதம். நூறில் 26 பங்கு வேலையாக மாறியது. அக்காலத்தில் அது நம்பமுடியாத எண். பிறகு அது கப்பலுக்கும் நீர்மூழ்கிக்கும் போய்விட்டது. 1913 புரட்டாதியில் அன்ற்வேர்ப்பிலிருந்து ஹாரிச்சுக்குப் போன கப்பலில் ஏறிய டீசல் கரை சேரவில்லை. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனத்தின் சின்ன டீசல் எஞ்சின் ஒன்று கடலையெண்ணெயில் ஓடியதையும், அது அவ்வளவு சுமுகமாக ஓடியதால் பலர் கவனிக்கவே இல்லை என்பதையும் சாவதற்கு முதல் வருடம் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். மண்ணெண்ணெய்க் காலத்தில் வளர்ந்தவனுக்கு அது ஒரு சொந்தக்காரர் வீட்டுச் செய்தி போலக் கேட்கிறது.

அவருடைய சின்ன எஞ்சினைச் செய்து முடித்தவர் யப்பானில், ஷிகா மாகாணத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த யமஓகா மகோகிச்சி. 1932 இல் லைப்சிக் சந்தையில் டீசல் எஞ்சினைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு மார்கழியில் கமக்காரன் வாங்கக்கூடிய சின்ன டீசல் எஞ்சினை ஓட்டிக்காட்டினார். அவர் நிறுவனத்தின் பெயர் யன்மார். பெரிய தும்பியின் பெயரிலிருந்து வந்தது. 1957 இல் ஔக்ஸ்பூர்க்கின் விட்டெல்ஸ்பாக் பூங்காவில் டீசலுக்கு ஒரு நினைவுத் தோட்டம் வைத்தார். அதற்கான கற்கள் யப்பானிலிருந்தே கப்பலில் வந்தன. சிலை இல்லை, கற்களை அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். போன கார்த்திகையில் அங்கே போய் அரைமணி நேரம் இருந்தேன். ஒரு கமக்காரனின் மகன் ஒருநாளும் நேரில் கண்டிராத ஒரு மனிதருக்குக் கடல் கடந்து கல் அனுப்பியிருக்கிறான். ஈரப்பாசியில் கையை வைத்தபோது, வாட்டர்பம்புடன் வெங்காயத் தோட்டத்தில் நின்ற என் பெரியப்பாவை நினைத்தேன்.

கெல்லர் எஞ்சினுக்கு இனி அதிக நாள் இல்லை. வீட்டுக்காரர் கொப்பியில் எழுதிவைக்கிறார்: இதுவரை 42,000 மணிநேரம். ஒரு கார் மணிக்கு அறுபதில் இவ்வளவு நேரம் ஓடியிருந்தால் 25 இலட்சம் கிலோமீற்றர். நிலாவுக்கு மூன்று முறை போய் வந்த தூரம். கார் எஞ்சின் எதுவும் தாங்காது. இது தாங்கியதற்குக் காரணம் அது நிதானமாக, ஒரே வேகத்தில் ஓடுவது. ஆனால் டீசல் டீசல்தான். லீற்றருக்கு 2.6 கிலோ கரியமிலவாயு. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2012 இல் திட்டவட்டமாக அறிவித்துவிட்டது. யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்த செய்தி வந்த நாட்களில் இங்கே சாப்பாடு இறங்காமல் இருந்தவன் நான். எண்ணெய்க்காக வாதாட மாட்டேன். கூரையில் சோலார், கெல்லரில் வெப்பப்பம்பு என்று அவர் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். அது சரியான முடிவு. ஆனாலும் வெயில் இல்லாத மார்கழி மாலை ஐந்து மணிக்கு, வீட்டுக்குச் சூடும் வயருக்கு மின்சாரமும் ஒரே நேரத்தில் வேண்டியிருக்கிற அந்தப் பொழுதில் இந்த எஞ்சின் செய்த வேலையை நான் மதிக்கிறேன்.

அம்மா இப்போது ஊரில் தங்கச்சியோடு இருக்கிறா. போன ஞாயிறு வீடியோ அழைப்பில் கெல்லருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, "பாருங்கோ, கை சுடேல்லை," என்றேன்.

"பிறகெங்க சூடு போகுது?"

"எல்லாம் தண்ணிக்குத்தான் அம்மா. குளிக்க, வீடு சூடாக்க."

தாங்கியைக் காட்டச் சொன்னா. காட்டினேன். எத்தனை லீற்றர் என்று கேட்டா. ஆயிரம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தா.

"அண்டைக்கு அந்தப் பெடியன் விட்டிருந்தானெண்டால், இரண்டாவது படத்துக்கே தேத்தண்ணி குடுத்திருப்பன்," என்றா.