வரிசையில் ஒரு மஃரிப்

சென்னைத் துறைமுகத்துக்குள் போக எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் வரிசையை வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அத்தா அந்த வரிசையில்தான் தன் வாழ்நாளில் பாதியைக் கழித்தார். பள்ளிக்கூட லீவில் நானும் கேபினில் ஏறிக்கொள்வேன். தொழுகை என்றதும் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பள்ளிவாசல் இல்லை, அந்தச் சாலையோரம்தான்.

மஃரிப் தொழுகையின் நேரம் குறுகியது. சூரியன் மறைந்ததும் தொடங்கி, மேற்கே செவ்வானம் அடங்குவதற்குள் முடிந்துவிடும். அத்தா சீட்டுக்குப் பின்னாலிருந்து ஐந்து லிட்டர் கேனை எடுப்பார். விரலில் அப்பிய கிரீஸைத் தேங்காய் நாரால் தேய்த்துப் போக்கிய பிறகே, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவைத் தொடங்குவார். தண்ணீர் படாத தோல் கொஞ்சம் இருந்தாலும் ஒளு சேராது. மணிக்கட்டு வரை கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கை, ஈரக்கையால் தலை, கடைசியில் கணுக்கால் வரை கால். எல்லாம் முடிந்த பிறகும் கேனில் தண்ணீர் முக்காலுக்கு மேல் இருக்கும். நபிகள் நாயகம் ஒளுவுக்குச் செலவிட்ட தண்ணீர் இன்றைய அளவில் ஏறக்குறைய முக்கால் லிட்டர்தான் என்று ஹதீஸ்களிலிருந்து கணக்குச் சொல்வார்கள். தண்ணி லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த எங்கள் தெருவில் அந்தக் கணக்கை யாரும் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

பின்னால் நின்ற வண்டியின் டிரைவர் காசிமேட்டுக்காரர். டேஷ்போர்டில் மாதா படம் ஒட்டியிருப்பார். "நீங்க தொழுங்க பாய், வண்டி நகந்தா நான் பாத்துக்கறேன்" என்பார். சொன்னபடியே வரிசை அசைந்தால் அத்தாவின் வண்டியை முன்னே எடுத்து நிறுத்திவிட்டு, ஓடிவந்து தன் வண்டியையும் நகர்த்துவார். அவர் அப்படி ஓடியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒருநாள், "பயணத்தில் நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாமே, அத்தா?" என்று கேட்டேன். ரக்அத் என்பது தொழுகையின் ஒரு சுற்று. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சரக்கு ஏற்றி வந்திருந்தார். "இது என்ன பயணம்? ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கு எண்பதாவது தாண்டணும். மஃரிபோ எங்கே போனாலும் மூன்றுதான்" என்றார். நாள் முழுக்க வண்டியிலேயே கிடந்தாலும் அவர் பயணி இல்லை.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை எங்களுக்குக் கடல் கிழக்கே. தொழும் திசையான கிப்லா மேற்கே, சற்று வடக்காக. ஆகவே தொழ நின்றால் கடலும் கப்பலும் கிரேனும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். துறைமுகம் நிலக்கரி இறக்கிய காலத்தில் கரி மட்டும் பின்னால் நிற்காது. காற்றில் வந்து பள்ளிவாசல் பாயில் படியும். நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவிலிருந்து எழுந்தால் நெற்றியில் கறுப்பாக ஒட்டியிருக்கும். உம்மா வெள்ளைத் தொப்பிகளை எத்தனை முறை துவைத்தாலும் சாம்பல் நிறம் போகாது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2011இல் நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. எங்கள் பாய் வெளுத்தது. எண்ணூர்க்காரர்களின் பாயை நினைத்தால் முழுதாக மகிழ முடியவில்லை.

பிறகு நான் திருவொற்றியூரில் ஓர் ஆலையில் லேத்தில் நின்றேன். மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்டில் பிற்பகல் தொழுகையான அஸரும் மஃரிபும் உள்ளேயே வந்துவிடும். ஆலைச் சங்கு வருடம் முழுக்க ஒரே நேரத்துக்கு ஊதும். தொழுகை நேரமோ தினமும் நகரும். நவம்பர் கடைசியில் 5.40 வாக்கில் வரும் மஃரிப், ஜூலையில் 6.40 வரை தள்ளிப்போகும். சூரியன் உச்சி சாய்ந்தால் நண்பகல் தொழுகையான லுஹர். ஒரு பொருளின் நிழல், நடுப்பகல் நிழல் போக, அதன் உயரத்தை எட்டினால் ஷாஃபி சட்ட வழியினருக்கு அஸர். இரு மடங்கானால் ஹனஃபி வழியினருக்கு. ஏப்ரல் 24ஐ ஒட்டிச் சென்னையில் நண்பகல் நிழலே இருக்காது. அன்றைக்கு ஒரு குச்சி நட்டால் குழந்தையும் கணக்கைப் புரிந்துகொள்ளும். டியூப் லைட்டின் கீழே பகலா இரவா என்று தெரியாமல் நின்ற எனக்கு, வெளியே சூரியன் எங்கே இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்ததற்குத் தொழுகைதான் காரணம்.

தொழுகை நல்ல உடற்பயிற்சி, மூட்டுக்கு நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூட்டு வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்து தொழலாம். எழவே முடியாதவர் படுத்தபடி சைகையால் தொழலாம். தண்ணீர் இல்லையென்றால் சுத்தமான மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்யலாம். உடலுக்கு இத்தனை சலுகை தரும் மார்க்கம், நினைவிருக்கும்வரை நோய்க்காகத் தொழுகையை விட்டுவிடச் சொல்வதில்லை. கடமையான 17 ரக்அத்துகளில் ஒரு நாளைக்கு 34 முறை நெற்றி தரையைத் தொடுகிறது. முதலாளிக்கும் சூப்பர்வைசருக்கும் தலை தாழ்த்தியே பொழுது போகும் எங்கள் பகுதியில், தலை தாழ்த்த வேண்டிய இடம் ஒன்றே என்று அது தினமும் சொல்கிறது. அத்தா துறைமுக கேட்டில் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

அந்தச் சாலையில் இப்போதும் மஃரிபுக்கு யாராவது லாரியின் ஓரம் பாய் விரித்து நிற்கிறார். நீங்கள் பின்னால் வண்டியில் இருந்தால் ஹார்ன் அடிக்காதீர்கள். மூன்று ரக்அத்துதான், ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார்.