முன்பாரம், பின்பாரம்

ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட் என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆனால், உயிருள்ள ஒரு குதிரைக்குத் தண்ணீர் காட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்? குதிரை வண்டிக்காரரின் பேரனாகிய நானே சென்ற சித்திரை வரையில் காட்டியதில்லை!

என் அப்புச்சி பவானியில் குதிரை வண்டி ஓட்டியவர். கூடுதுறையில் நீராட வருவோரை ஏற்றிச் சென்று, அந்த வருவாயில் என் தாயையும் இரண்டு மாமன்மாரையும் வளர்த்தவர். ஆட்டோக்கள் பெருகிய பிறகு சவாரி குறைந்தது. இப்பொழுது எப்போதேனும் ஒரு திருமண ஊர்வலத்துக்கு அழைப்பு வரும், அவ்வளவுதான். அவருக்கு வயது 76. அவரிடம் எஞ்சியிருப்பவை அந்த வண்டியும், ராணி என்னும் பெண்குதிரையுமே.

சித்திரையில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். "ஆடியில அந்தியூர் குருநாதசாமி தேருக்கு வண்டியிலயே போலாம்னு இருக்கறேன். நீ வர்றயா கண்ணு?" என்றார். அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் அவ்விழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையை எங்கள் பக்கத்தில் அறியாதவர் இல்லை. திப்பு சுல்தான் காலந்தொட்டு அது நடந்து வருவதாக ஊரார் சொல்வார்கள். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தொலைவுதான். "வர்றேனுங்க அப்புச்சி" என்றேன்.

சொல்வது எளிது, நண்பர்களே! என் நாள் எப்படிக் கழிகிறது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. உங்கள் நாளும் அப்படித்தானே கழிகிறது? காலையில் ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் நெரிசலில் நீந்தி வண்டி மாறி, ஞானபாரதியில் இறங்க வேண்டும். பகலெல்லாம் வகுப்பு. மாலையில் நான்கு சிறுவர்களுக்குக் கணக்குப் பாடம். இரவில் ஆய்வகத்தில் உலை சூடேறக் காத்திருக்க வேண்டும். இதற்கு நடுவே ஒரு வண்டிப் பயணத்துக்கு ஆயத்தமாவது எவ்வாறு?

நகரத்தான் செய்வதையே நானும் செய்தேன். பட்டியல் ஒன்று எழுதினேன். கைவிளக்கு, கயிறு, தண்ணீர்க் கேன், மழைக்கோட்டு, மருந்து என்று இருபத்தேழு பொருள்கள் அதில் இருந்தன. சிவாஜி நகரில் தேடி அலைந்து, ராணிக்குப் பளபளக்கும் தோல்வார் ஒன்று வாங்கினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை இரவில் ஊர் செல்வது என்று திட்டமிட்டேன். கலாசிப்பாளையத்தில் பேருந்து ஏறும்போதெல்லாம், அருகிலுள்ள திப்புவின் கோடைக்கால அரண்மனை நினைவுக்கு வரும். அது 1791இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் இங்கிருந்து எங்கள் ஊர்ப்பக்கம் போவதென்றால் எத்தனை நாள் ஆயத்தம் வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வேன்.

என் தோல்வாரை அப்புச்சி முகர்ந்து பார்த்தார், வளைத்துப் பார்த்தார். "நல்ல தோலுதான். ஆனா இப்படியே கட்டுனா அறுத்துப் புண்ணாக்கிப்போடும்" என்று சொல்லி, எண்ணெய் பூசிப் பரணில் போட்டார். நான் வாங்கிய பொருள்களில் அன்றே பயன்பட்டது ஒன்றுகூட இல்லை!

அவருடைய ஆயத்தமோ வேறு வகையானது. ஊர்வலத்தில் நான்கு தெரு நடந்து பழகிய குதிரை ஒரே நாளில் அந்தியூர் வரை ஓடாது. ஆகவே, நாள்தோறும் விடியுமுன் ஓட்டிச் சென்று, தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். கொள்ளின் அளவையும் ஒரே நாளில் உயர்த்தவில்லை; ஒவ்வொரு பிடியாகக் கூட்டினார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீவனம் மிகுந்து வயிற்று வலி கண்டால் உயிருக்கே கேடு. லாடமும் புறப்படும் நாளில் அடிக்கக் கூடாதாம். ஒரு வாரம் முன்னதாக அடித்தால்தான், ஆணி தசையில் பட்டிருந்தால் நடையில் தெரியும். ஆற்றுவதற்கும் நாள் இருக்கும்.

ஒருநாள் நான் வண்டியின் பின்புறம் சாய்ந்து உட்கார்ந்தேன். ஏர்க்கால் மேலே எழும்பியது. ராணியின் வயிற்று வார் இறுகியது. "பின்பாரம் கண்ணு, முன்னால வா!" என்றார். விரைந்து முன்னே நகர்ந்தேன். "இப்ப முன்பாரம். அத்தனையும் அவ முதுகுல உக்காந்திருக்குது" என்றார். நெம்புகோல் தத்துவத்தில் முழு மதிப்பெண் வாங்கியவன் நான். வண்டியில் உட்காரத் தெரியவில்லை!

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் செல்லவில்லை. உலையில் மாதிரிகள் இருந்தன. "வேலையப் பாரு கண்ணு" என்றார் அப்புச்சி. தொலைபேசியை வைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்று நாணமாக இருக்கிறது.

சென்ற வாரம் வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பவானி ஜமக்காளத்தை விரித்துப் பார்த்தோம். நான் பட்டியலைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திரும்பி வர்றதுக்கு என்ன எழுதியிருக்கற?" என்றார்.

"நான் அந்தியூர்லயே பஸ் ஏறிப் பெங்களூர் போயிருவேனுங்க. மறுநாள் ஆய்வகம் இருக்குது. நீங்களும் ராணியும் மெதுவா வந்துருவீங்கல்ல?"

அவர் ராணியின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "ராணி வரமாட்டா கண்ணு. முக்காலி போடாம வண்டில ஏற முடியல, முழங்கால் மடங்க மாட்டேங்குது. சந்தையில நல்ல கையாப் பாத்துக் குடுத்தரலாம்னு இருக்கறேன். போறப்ப எனக்கு அவ இருக்கறா. வர்றப்பத்தான் ஆளு வேணும்."

மூன்று மாதமாக நான் போவதற்கே ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். இருபத்தேழு பொருளும் முன்பாரம்! பின்னால் ஒன்றுமில்லை. அவர் என்னை அழைத்தது எதற்கென்று ஒருமுறையேனும் கேட்டேனா?

என் பேராசிரியரிடம் இரண்டு நாள் கூடுதலாக விடுப்புக் கேட்டேன். தந்துவிட்டார். கேட்காமலே கிடைக்காது என்று எண்ணிக்கொண்டிருந்தவன் நான்தான். சிறுவர்களுக்கு வேறொரு நண்பர் கணக்குச் சொல்லித் தருவார். பட்டியலில் பாதியை அடித்துவிட்டேன். கடைசி வரியாக ஒன்றைச் சேர்த்தேன்: அந்தியூரிலிருந்து பவானிக்குப் பேருந்து, இரண்டு பேர்.

இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்போது ஆடி கழிந்திருக்கும். ராணி யாருடைய கொட்டிலில் நிற்பாளோ, அறியேன். பரணிலிருந்த தோல்வாரை அப்புச்சி நேற்று எடுத்துப் பார்த்தாராம். துணிபோல் மெத்தென்று ஆகிவிட்டதாம். அதை ராணியோடு கொடுத்துவிடப் போகிறாராம்.

"புது ஆளுக்குப் புது வாரக் கட்டிப்போட்டு அவ கஷ்டப்படக் கூடாது பாரு" என்றார்.