யாரை வீட்டில் விடுவது

திருகோணமலையில் இருந்துகொண்டு அமெரிக்க ஸ்டொக் கார் பந்தயமான நாஸ்காருக்கு, ஒரு கற்பனை ஆட்டத்தில், அணி தெரிவு செய்கிறேன் என்றால், உவர்மலையில் என் அயலவர்களே நம்புவதில்லை. என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓடி, ஃபோர்முலா வண்ணில் இந்தியாவின் முதல் சாரதியானவர். 2010இல் நாஸ்காரின் ட்ரக் தொடரில் இறங்கினார். மார்ட்டின்ஸ்வில்லில் முதல் ஓட்டத்திலேயே 13ஆம் இடம். அந்த வருடம் ரசிகர்கள் வாக்களித்து, அந்தத் தொடரின் மிகப் பிரபலமான சாரதி என்ற விருதையும் அவருக்கே கொடுத்தார்கள். புள்ளி அட்டவணையில் அவர் இருந்த இடமோ மிகக் கீழே. ஆளைப் பிடிப்பது வேறு, ஆளைப் போடுவது வேறு என்ற பாடம் எனக்கு அங்கேயே தொடங்கியது.

எங்கள் ஆட்டத்தின் விதி எளியது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஐந்து சாரதிகள், மாற்றுக்கு மேலதிகமாக ஒருவர். பருவத்தின் முதல் 26 பந்தயங்களில் ஒருவரை 10 தடவைக்கு மேல் எடுக்கக் கூடாது. இந்த 10 என்ற எண்ணில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது. 26 பந்தயத்துக்கு ஐந்து பேர் வீதம் 130 இடம். ஆளுக்குப் 10 என்றால் குறைந்தது 13 சாரதிகள் வேண்டும். உண்மையில் நம்பத்தக்க முன்னணிச் சாரதிகள் எந்த வருடத்திலும் ஆறேழு பேர்தான். மிச்சப் பேரை எங்கே ஒளித்து வைப்பது? புதிதாக வருகிறவர்கள் நல்ல சாரதியை எடுப்பதிலேயே கண்ணாக இருப்பார்கள். நான் கொப்பியைத் திறந்ததும் முதலில் எழுதுவது, இந்த வாரம் வீட்டில் விடப்போகிற நல்ல சாரதிகளின் பெயர்களை.

டேடோனாவும் டலடீகாவும் அதற்கென்றே அமைந்த தடங்கள். 1987இல் டலடீகாவில் பொபி அலிசனின் கார் பறந்து பார்வையாளர் வேலியில் மோதியபின், 1988 முதல் அங்கே எஞ்சினுக்குள் போகும் காற்றை மட்டுப்படுத்திவிட்டார்கள். வேகம் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டதால் கார்கள் கும்பலாகவே ஓடும். ஒருவர் சறுக்கினால் பத்துப் பதினைந்து கார்கள் நொறுங்கும். 2021 டேடோனா 500இன் கடைசிச் சுற்றில் முன்னால் போன லொகானோவும் கெசலவ்ஸ்கியும், ஒரே அணிக்காரர்கள், மோதிக்கொள்ள, பின்னால் வந்த மைக்கல் மக்டவல் வென்றார். அது அவருடைய 358ஆவது ஓட்டம், முதல் வெற்றி. இப்படியான இடத்தில் பெரிய ஆளைப் போடுவது அவருடைய 10இல் ஒன்றைக் கடலில் போடுவதுதான். மத்திம சாரதிகள் ஐந்து பேரைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். கோடையில் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் பந்தயம் எங்களுக்குத் திங்கள் அதிகாலை பன்னிரண்டரை; தூங்குவதற்கு ஒரு காரணம் கிடைத்தால் நல்லதுதானே.

டாலிங்டன் இதற்கு நேர்மாறு. 1950இல் திறந்த தடம். நிலத்தை விற்றவர் தன் மீன்குளத்தைத் தொடக் கூடாது என்றதால் ஒரு முனையை ஒடுக்கிக் கட்டினார்கள். முட்டை வடிவம் வந்தது அப்படித்தான். ஒரு முனை அகலம், மறுமுனை இறுக்கம். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி காரைச் சரிசெய்ய முடியாது, சாரதிதான் ஈடுகொடுக்க வேண்டும். கரடுமுரடான தார் ரயரைத் தின்றுவிடும். அதனால் பயிற்சி ஓட்டத்தில் மிக வேகமான ஒரு சுற்றை நான் பார்ப்பதேயில்லை. தொடர்ந்து ஓடிய பத்துச் சுற்றின் சராசரிதான் கணக்கு. புது ரயரில் பறந்துவிட்டு எட்டாவது சுற்றில் தடுமாறுகிறவர் எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இங்கிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர்கள் "இண்டைக்கு ஆர் ஓடுறது?" என்று கேட்டுவிட்டுத்தான் இடம் பிடிப்பார்கள். ஹபரணையில் யானை குறுக்கே வரும் இருட்டுக்கு ஒருவர், விடியற்காலை நெரிசலுக்குள் நுழைந்து எடுக்க இன்னொருவர் என்று அவர்களிடம் கணக்கு உண்டு. நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பேர்கனைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் நினைவு வரும். 2023இல் சிக்காகோ வீதிப் பந்தயத்தில் தன் முதல் ஓட்டத்திலேயே வென்றவர். 1963க்குப் பிறகு அப்படி யாரும் வென்றதில்லை. 2025இல் ஐந்து வெற்றி. ஐந்தும் வலமும் இடமும் வளைகிற தடங்களில். நீள்வட்டத் தடங்களிலோ பெரும்பாலும் பின்வரிசைதான். அவரை எடுக்க வேண்டிய நாட்களைப் பருவ அட்டவணை வந்த அன்றே குறித்துவிடலாம், மற்ற நாட்களில் அவர் பெயரையே மறந்துவிடலாம். இவ்வளவு சுலபமாக விளங்குகிற சாரதி வேறு எவரும் இல்லை.

இனிப் புள்ளி. சாரதி பந்தயத்தில் எடுப்பதுதான் எங்களுக்கும். 2017 முதல் 2025 வரை நடந்த முறையில் வென்றவருக்கு 40, இரண்டாமவருக்கு 35, பிறகு ஒவ்வொன்றாகக் குறையும். அதோடு பந்தயத்தின் முதல் இரண்டு கட்டங்களின் முடிவிலும் முதல் பத்துப் பேருக்கு 10இலிருந்து 1 வரை. இரண்டு கட்டத்தையும் வென்றுவிட்டுக் கடைசியில் மோதி 30ஆவதாக வருகிறவருக்கு 27 புள்ளி. கட்டங்களில் கண்ணிலேயே படாமல் ஓடிப் பத்தாவதாக வருகிறவருக்கும் அதே 27. செய்தியில் முதல் ஆள் தோற்றவர், என் கொப்பியில் இருவரும் சமம். முடிவு நிலையை மட்டும் பார்த்து ஆள் எடுப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, அவர்கள் அப்படியே இருக்கட்டும்.

வாதம் எனக்கு ஸ்காபரோவில் இருக்கிற கூட்டாளியோடுதான். அவனுடைய தகப்பன் மூதூர்ப் பக்கம் வத்தகப்பழம் போட்டவர். புளோரிடாவில் தலைமுறை தலைமுறையாக வத்தகப்பழத் தோட்டம் செய்கிற குடும்பத்திலிருந்து வந்து, வென்றதும் ஒரு பழத்தைத் தடத்திலேயே போட்டு உடைக்கிற ரொஸ் சஸ்டெய்ன் அவனுக்குச் சொந்தக்காரன் மாதிரி. 2022 ஒக்டோபர் 30, மார்ட்டின்ஸ்வில், கடைசிச் சுற்று. பத்தாவதாக இருந்த சஸ்டெய்ன் காரை மதிலில் சாய்த்து, அழுத்திய காலை எடுக்காமல் ஐந்து பேரைத் தாண்டினார். நாலாவதாக வந்த கெசலவ்ஸ்கி பின்னர் தகுதிநீக்கம் பெற, சஸ்டெய்னுக்கு நாலாம் இடம். பத்தாம் இடத்துக்குரிய 27 புள்ளி 33 ஆனது. கடைசியாகத் தாண்டப்பட்டவர் டெனி ஹம்லின், என் ஆள்.

"பாத்தியே மச்சான்" என்று அவன் இன்றைக்கும் அந்த ஆறு புள்ளியைக் கதைக்கிறான். மதிலில் சாய்ந்து ஓடுவதை அடுத்த பருவத்திலேயே தடுத்துவிட்டார்கள் என்பது அவனுக்கு ஒரு பொருட்டில்லை. மார்ட்டின்ஸ்வில்லுக்கு அவன் சஸ்டெய்னைத்தான் போடுவான். நான் ஹம்லினைத்தான் போடுவேன்: 2025 வரை அங்கே அவருக்கு 6 வெற்றி, ஒன்றும் மதிலில் சாய்ந்து வந்ததில்லை.