வெள்ளை

ராஜபாளையம் நாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் நிறத்தைச் சொல்கிறார்கள். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். அடுத்து உயரம், தோள்வரை 65 முதல் 75 சென்டிமீட்டர். அப்புறம் வீரம். பாளையக்காரர் யுத்தத்தில் கும்பினிக் குதிரைகள் மேல் பாய்ந்தது என்று ஒரு கதை இருக்கிறது. 2005 ஜனவரியில் தபால்தலையில் வந்த நான்கு இந்திய நாய்களில் இதுவும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் இதன் பெயரைச் சொன்னார். காதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஒன்பது வருஷமாகச் சேலையூரில் இந்த ஜாதி நாய் ஒன்றை வைத்திருக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது.

மயிருக்கும் தோலுக்கும் நிறம் தருகிற அணுக்கள் உள்காதிலும் இருக்கின்றன. ஒலியை வாங்கும் நுண்மயிர்கள் பிழைத்திருப்பதற்கு அங்கே அவை தேவை. உடம்பை வெளுக்க வைக்கிற அதே பரம்பரைக் கூறு, சில குட்டிகளில் இந்த அணுக்களைக் காதுவரை போகவிடுவதில்லை. நாய்க்குட்டி பிறக்கும்போது காது மூடித்தான் இருக்கும். இரண்டு வாரத்தில் திறக்கும். திறந்த காது அதற்கடுத்த சில வாரங்களில் உள்ளே அவிந்துபோகிறது. டால்மேஷன் நாய்க்கும் இதே கதிதான். வெள்ளை நாயெல்லாம் செவிடு என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலானவை நன்றாகவே கேட்கின்றன. ஒரு காது மட்டும் போனவையும் உண்டு. முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்க்கிற சோதனையில் அவை தப்பித்துவிடும். மூளைக்குப் போகும் மின்சலனத்தை அளந்தால்தான் தெரியும்.

எங்கள் மணிக்கு இரண்டு காதும் இல்லை. பெயர் வைத்த பிறகுதான் தெரிந்தது. அவன் வந்த வருஷம் தீபாவளியன்று தெருநாய்களெல்லாம் லாரிக்கடியிலும் சாக்கடைப் பாலத்தடியிலும் பதுங்கிக்கொண்டிருக்க, இவன் முற்றத்தில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். அதற்கு முன் விமானப்படைத் தளத்து விமானங்கள் தலைக்கு மேல் தாழப் பறந்தபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதையெல்லாம் தைரியம் என்று எடுத்துக்கொண்டு மனைவி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவிட்டு நாயோடு வாழ்வது ஒரு பாஷையைக் கற்பது மாதிரி. கூப்பிடத் தரையைக் காலால் தட்டுகிறேன். இரவில் டார்ச்சை இரண்டு முறை அணைத்து ஏற்றுகிறேன். தூங்கும்போது தொட நேர்ந்தால் முதலில் முகத்துக்கெதிரே கையை நீட்டி வாசனை காட்ட வேண்டும். அவனும் தன் பங்குக்கு ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டான். வாசற்கதவில் முதுகை ஒட்டிவைத்துப் படுக்கிறான். கதவு அசைந்தால் எழுந்துவிடுகிறான். காவல் நாய்க்குக் காவல் மறக்கவில்லை.

மற்ற பராமரிப்பு எல்லா ராஜபாளையத்துக்கும் பொதுவானது. சேத்தூர், ராஜபாளையம் பக்கத்துத் தோட்டங்களில் ஓடித் திரிந்த ஜாதியை ஒரு கிரவுண்டு மனையில் வைத்திருக்கிறோம் என்பது நினைவில் இருக்க வேண்டும். விடியுமுன் மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் நெடுந்தூரம் நடத்துகிறேன்; காது கேளாதவன் என்பதால் கயிற்றை ஒருபோதும் விடுவதில்லை. மயிர் குட்டை, அடியில் தோல் சிவப்பு. பங்குனி வெயிலில் மூக்கும் காதுநுனியும் வெந்துவிடும், மாமர நிழல் அவசியம். உண்ணி வெள்ளையில் சட்டென்று கண்ணில் படும் என்பது ஒரு சௌகரியம். தினம் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் இந்த ஊரில் நாய்களைக் கொல்கிறது. கேழ்வரகுக் கூழ், மோர், கொஞ்சம் கறி போதும். அந்நியர் தொட்டால் பொறுக்காது. பக்கத்தில் எழும்பியிருக்கிற அடுக்குமாடிக் குழந்தைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நாய் வளர்த்து விற்கிற ஒருவர் தெற்கிலிருந்து வந்திருந்தார். மணியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சார், மூக்கைப் பாருங்க, ஒரு கறுப்புப் பொட்டு கிடையாது. ரெண்டு பொட்டைக்கு விடுங்க. ஈத்துக்கு ஒரு குட்டி உங்களுக்கு" என்றார். காது கேட்காது என்றேன். "நாய்க் கண்காட்சியில காதையா சார் பார்க்கிறாங்க?" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. வாங்குகிறவன் வெள்ளைதான் கேட்கிறான். பழுப்புத் திட்டோடு பிறந்த குட்டிக்கு விலையில்லை; கண் திறக்குமுன்பே ஈத்திலிருந்து அதை அப்புறப்படுத்துகிற வழக்கமும் இருந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது வெள்ளை மட்டுமல்ல. வெள்ளையைக் கேட்கிறவன் செவிட்டையும் சேர்த்துத்தான் கேட்கிறான், அவனுக்குத் தெரியாமலே.

எழுத்திலும் இதைப் பார்க்கிறேன். நமது சின்ன வட்டத்துக்குள்ளேயே, ஒன்றுக்கு ஒன்று ஈன்ற கவிதைகள். அதே இறுக்கம், அதே படிமம், கலப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. நிற்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கின்றன. தெருவில் ஒருவன் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். கவிதை செவிடானால் புரட்டிவிட்டுப் போகலாம். நாய் செவிடானால் அதோடு வாழ வேண்டும்.

மணியை இனவிருத்திக்கு விட மறுத்துவிட்டேன். வந்தவருக்கு வருத்தம்தான். "இப்படி ஒரு நாயை வீணடிக்கிறீங்களே சார்" என்று படியிறங்கும்போதும் சொன்னார். மறு வருஷம் ராஜபாளையம் போனபோது, ஏழு குட்டி ஈத்தில் ஒதுங்கிக் கிடந்த ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு காதும் முதுகின் பாதியும் பழுப்பு. மூக்கு கறுப்பு. பாதி விலைக்குக் கொடுத்தார்கள். அவள் இப்போது பாத்திரம் விழுந்தால் திடுக்கிடுகிறாள், தீபாவளிக்குக் கட்டிலடியில் போய்விடுகிறாள். கேட்டருகே யாராவது நின்றால் அவள் காதுதான் முதலில் உயர்கிறது. அதைப் பார்த்து மணி எழுந்து நிற்கிறான்.