கீழ்ச்சரிவில் ஒரு நாய் விடுதி

குன்னூரில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே, தேயிலைச் சரிவில், நாய்களுக்கான தங்கும் விடுதி ஒன்று வரவிருக்கிறது. நாங்கள் நாய் விரோதிகள் அல்லர். வெள்ளைக்காரர்கள் ஊட்டிப் புல்வெளிகளில் வேட்டைநாய்களை ஏவி, சீமை நரி கிடைக்காத குறைக்கு உள்ளூர் நரியை விரட்டித் திருப்திப்பட்ட மலைதானே இது! ஒலி மாசு விதிகள் (2000) குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்கின்றன. இங்கோ ஒரு நாய் குரைத்தால் எதிர்ச்சரிவும் சேர்ந்து குரைக்கும். அதையும் பொறுத்துக்கொள்வோம்.

எங்கள் அச்சமெல்லாம் சிறுத்தையைப் பற்றியது. வீட்டு வாசலிலிருந்தே நாயைத் தூக்கிச் செல்லும் விலங்கு அது; வேலியும் அதற்குப் பொருட்டல்ல. விடியலில் பெண்கள் கொழுந்து பறிக்கப் போவது அந்தச் சரிவு வழியாகத்தான். ஆகவே, கூரையிட்ட அடைப்பும் இரவு விளக்கும் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தோம். உரிமையாளர் விளக்குக்குச் சம்மதித்துவிட்டார். கூரைக்குச் செலவு அதிகம் என்கிறார்.